பெற்றோல் கார் பிறந்த ஊரில் வெயில் மின்சாரம்

லண்டனின் வடகிழக்கே வால்தம்ஸ்டோவில், 1892ஆம் ஆண்டு, ஃபிரெடெரிக் பிரெமர் என்ற இருபது வயது இளைஞர் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு காரைக் கட்டத் தொடங்கினார். குழாய் வேலையும் எரிவாயு இணைப்பு வேலையும் தெரிந்தவர். கார் என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழக அப்போது நாட்டில் கார்களே இல்லை. ஓட்டுவதற்குச் சட்டமும் இடம் தரவில்லை. இயந்திர வண்டி ஊருக்குள் மணிக்கு இரண்டு மைலுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி 1896 வரை இருந்தது. அதையும் மீறி 1894 கடைசியில் அவருடைய கார் தெருவில் ஓடியது. பிரிட்டனில் பெற்றோல் இயந்திரம் பூட்டி ஓடிய முதல் கார் இதுதான் என்று ஊரார் இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்தக் கார் அழியவில்லை. உள்ளூர் வெஸ்ட்ரி ஹவுஸ் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கிறது. 1965இல் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை நடக்கும் பழங்கார் ஓட்டத்தில் கலந்துகொண்டு, ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் கடற்கரை போய்ச் சேர்ந்தது.

1909 ஜூலையில் அதே ஊரின் சதுப்பு நிலத்தில், ரயில் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே பட்டறை போட்டிருந்த ஏ.வி. ரோ, பழுப்புத் தாள் ஒட்டிய மூன்றடுக்கு இறக்கை விமானத்தை ஒன்பது குதிரைத்திறன் இயந்திரத்தால் தரையிலிருந்து கிளப்பினார். முழுக்க முழுக்க பிரிட்டனில் செய்த பாகங்களோடு பறந்த முதல் விமானம் அது. அடுத்த ஆண்டு, லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியின் வால்தம்ஸ்டோ தொழிற்சாலையிலிருந்து 'பி டைப்' பஸ்கள் வரத் தொடங்கின. ஒரே அச்சில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதல் மோட்டார் பஸ்கள் அவை. 1911 அக்டோபர் 25ஆம் தேதி அந்தக் கம்பெனியின் கடைசிக் குதிரை பஸ் ஓடி முடிந்தது. முதல் 'பி டைப்' பஸ் தெருவுக்கு வந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒரு மாநகரத்தின் மிகப் பெரிய பஸ் கம்பெனி வைக்கோலையும் ஓட்ஸையும் விட்டுவிட்டுப் பெற்றோலுக்கு மாற அவ்வளவு காலமே போதுமாக இருந்தது. முதல் உலகப் போர் வந்தபோது அந்த பஸ்களில் சுமார் 900 பஸ்கள் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு பிரான்சின் போர்முனைக்குப் போயின.

கார், விமானம், பஸ் மூன்றும் இருபதே ஆண்டுக்குள் ஒரே ஊரில் எண்ணெயைக் கையில் எடுத்தன. அந்த ஊரில் இப்போது எண்ணெயை விடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. எண்ணெய்க்கு மாற்றான எரிபொருள்களின் நன்மை என்றதும் காலநிலையையும் கரியமில வாயுவையும்தான் முதலில் சொல்வார்கள். அது உண்மை, அவசரமான உண்மையும்கூட. ஆனால் தமிழ் வாசகருக்கு, அதிலும் ஈழத்திலிருந்து வந்தவருக்கு, நான் வேறொன்றை முதலில் சொல்வேன். வெயிலையும் காற்றையும் யாரும் முற்றுகையிட முடியாது.

ஒரு போத்தல் பெற்றோல்

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் கொண்டுபோகத் தடை வந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் அந்தக் குடாநாடு எப்படி ஓடியது என்பதை வாழ்ந்தவர்கள் மறக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி உதைத்துக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களும் அப்படித்தான் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி கொளுத்திப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள்.

அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் தப்பி வந்து லண்டனில் எடுத்த முதல் வேலை பெற்றோல் ஸ்டேஷன் கல்லாவில்தான். இரவு ஷிப்ட், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் தனியாக விடியும்வரை. பலர் மேலாளர்களானார்கள், சிலர் சொந்தமாகவே ஸ்டேஷன் வாங்கினார்கள். பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பும் ஊரில் கட்டிய வீடும் தங்கைமாரின் கல்யாணமும் அந்தப் பம்புகளிலிருந்து வந்தவை. வால்தம்ஸ்டோ பெட்ஃபோர்ட் சாலையில் இருக்கும் கற்பக விநாயகர் கோவிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நிற்கும் நடுவயதுக்காரர்களிடம் கேட்டால், இரண்டு பேரில் ஒருவருக்காவது பெற்றோல் ஸ்டேஷன் கதை இருக்கும் என்பது என் எண்ணம். அத்தான் முறையான ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஊரில ஒரு போத்தல் பெற்றோலுக்கு நாயா அலைஞ்சனாங்கள். இஞ்ச வந்து அதையே வித்துச் சீவிச்சனாங்கள்."

எண்ணெய் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை இப்படி இரண்டு பக்கமும் நின்று பார்த்த இனம் குறைவு. 2022இல் அதே பாடம் முழு இலங்கைக்கும் நடந்தது. அப்போது யாரும் முற்றுகையிடவில்லை, அந்நியச் செலாவணி தீர்ந்துபோனது, அவ்வளவுதான். ஜூன் 27 முதல் இரண்டு வாரத்துக்கு அத்தியாவசியச் சேவைகள் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. வரிசையில் நின்றே மனிதர்கள் செத்தார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்து, வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பங்கீடு தொடங்கியது.

பணக்கார பிரிட்டனும் தப்பவில்லை. அதே ஆண்டு, ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததையடுத்து எரிவாயு விலை ஏறியது. சாதாரண வீட்டின் ஆண்டுச் செலவுக்கான உச்சவரம்பு அக்டோபரில் 3,549 பவுண்டாகப் போகவிருந்தது. அரசு அதை 2,500 பவுண்டில் நிறுத்தி மிச்சத்தைப் பொதுப் பணத்திலிருந்து கட்டியது. அந்தக் குளிர்காலத்தில் ஹீட்டரைப் போடாமல் போர்வைக்குள் இருந்த குடும்பங்கள் இந்த ஊரிலும் உண்டு.

லின்மத் சாலையின் கூரைகள்

அந்தக் குளிர்காலத்தில்தான் வால்தம்ஸ்டோவின் லின்மத் சாலையில் ஹிலாரி பவல், டான் எடல்ஸ்டின் என்ற கலைஞர் தம்பதி தங்கள் வீட்டுக் கூரைமேல் படுத்துறங்கத் தொடங்கினார்கள். தெரு முழுவதையும் ஒரு மின் நிலையமாக்குவோம், அதற்குப் பணம் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த ஏற்பாடு. மக்களிடமிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2023இல் அந்தத் தெருவின் கூரைகளில் சோலார் தகடுகள் ஏறின.

இவர்களை முன்பே ஊருக்குத் தெரியும். மூடிப்போன ஒரு வங்கிக் கட்டடத்தை ஹோ தெருவில் பிடித்து, உள்ளூர் மனிதர்களின் முகம் போட்ட நோட்டுகளைத் தாங்களே அச்சடித்துக் கலைப்பொருளாக விற்றவர்கள். வந்த பணத்தில் பாதி உணவு வங்கி, பள்ளிக்கூடம் போன்ற உள்ளூர்ப் பணிகளுக்குப் போனது. மறுபாதியைக் கொண்டு, கடன் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போகும் ஏழைகளின் கடன்களை வாங்கி ரத்துச் செய்தார்கள். ரத்தான கடனின் முகமதிப்பு 12 லட்சம் பவுண்டு. மின்சாரத்தையும் அவர்கள் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். கடனைப் போலவே மின்சாரமும் தொலைவில் இருக்கும் யாரோ நிர்ணயிக்கும் விலையில் வீட்டுக்குள் வருகிறது. அதை அயலவர்கள் சேர்ந்து கொஞ்சமாவது தங்கள் கைக்குக் கொண்டுவரலாம் என்பது அவர்களின் துணிபு.

லண்டனில் வெயிலா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லவேண்டும். இங்கே ஒரு வீட்டுக் கூரையில் நான்கு கிலோவாட் தகடுகள் போட்டால் ஆண்டுக்கு மூவாயிரத்து ஐந்நூறு யூனிட்டை ஒட்டி மின்சாரம் கிடைக்கும். பிரிட்டனில் ஒரு சராசரி வீடு, எரிவாயு தவிர, ஓராண்டில் பாவிக்கும் மின்சாரத்தை அது தொட்டுவிடுகிறது. ஜூனில் வழிகிறது, டிசம்பரில் வறண்டுபோகிறது என்ற குறை இருக்கவே செய்கிறது. குளிர்காலத்தில் கைகொடுப்பது கடற்காற்று. அது பனிக்காலத்தில்தான் பலமாக அடிக்கும். 2024இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி காற்று, சூரியன், நீர், உயிர்க்கழிவு ஆகியவற்றிலிருந்து வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது. 1882இல் லண்டன் ஹோல்பர்ன் வயாடக்டில் எடிசனின் நிலக்கரி மின் நிலையம் தொடங்கியதிலிருந்து எண்ணினால் 142 ஆண்டுக் கதை அது. முடியும்போது ஊரே இருண்டுவிடவில்லை.

காருக்கு வருவோம். பெற்றோல் இயந்திரம் தான் எரிக்கும் எண்ணெயில் கால்வாசி அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான சக்தியைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மிச்சமெல்லாம் சூடாக வெளியேறுகிறது. மின்மோட்டார் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குத் தருகிறது. ஆகவே எண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு மாறும்போது, எரித்த அளவு சக்தியை அப்படியே வேறு வழியில் தேடவேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கு போதும். இந்த ஒரு கணக்குத்தான் கூரை வெயிலை நம்பத்தகுந்த எரிபொருளாக்குகிறது.

வடைச் சட்டியிலிருந்து பஸ்ஸுக்கு

திரவ எரிபொருள் பிரியர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். எண்ணெய்க்கு மாற்று எண்ணெயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதுவும் நம் சமையலறையிலேயே.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலும் தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று நம்பியவர். 1913இல் இங்கிலாந்துக்கு வரும் வழியில் அவர் கப்பலிலிருந்து காணாமல் போனார். மலிவான கல்லெண்ணெய்க்கு முன்னால் கடலை எண்ணெய் நிற்கவில்லை.

இன்று வால்தம்ஸ்டோ ஹை ஸ்ட்ரீட்டில், ஒரு கிலோமீட்டர் நீளும் அந்தத் தெருச் சந்தையை ஒட்டிய எந்தப் பொரியல் கடைக்கும் பின்னால் போய்ப் பாருங்கள். மீனும் சிப்ஸும் விற்கும் கடையாக இருக்கலாம், கோழிப் பொரியல் கடையாக இருக்கலாம், ரோல்ஸும் வடையும் போடும் நம்மவர் கடையாகவும் இருக்கலாம். கறுத்த எண்ணெய் நிரம்பிய பிளாஸ்டிக் கான்கள் அடுக்கியிருக்கும். வேன்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். எண்ணெயை வடிகட்டி, நீர் போகும்வரை சூடாக்கி, ஐம்பத்தைந்து அறுபது பாகை வெப்பத்தில் மெத்தனாலும் காஸ்டிக்கும் கலந்து கலக்குவார்கள். சில மணி நேரம் அசையாமல் விட்டால் கீழே கிளிசரின் கறுத்த தேன்போலப் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்பது பயோடீசல். ஒரு லிட்டர் பழைய எண்ணெய்க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தேறும். பிரிட்டனில் சொந்தப் பாவனைக்கு ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை வீட்டிலேயே செய்தால் வரிகூட இல்லை. மெத்தனால் நஞ்சு, காஸ்டிக் தோலைப் பொசுக்கும். அதனால் கராஜில் பக்கெட்டோடு இறங்க யாரையும் நான் தூண்டமாட்டேன்.

எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை லண்டன் 2017இல் பார்த்தது. வைட்சாப்பல் வீதிக்குக் கீழே கொழுப்பும் கழிவும் இறுகி, 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் எடையில் கழிவுநீர்க் குழாயை அடைத்துவிட்டது. தொழிலாளர்கள் வாரக்கணக்கில் இறங்கி உடைத்து எடுத்தார்கள். அதில் ஒரு பங்கு பயோடீசல் ஆனது. 2016 வாக்கில் லண்டனின் ஏறக்குறைய 3,000 பஸ்கள், பழைய சமையல் எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்த பயோடீசலை ஐந்தில் ஒரு பங்கு கலந்து ஓடின. புது வண்டி வாங்காமல், இருக்கும் டீசல் வண்டியிலேயே நாளைக்கே கலந்து ஓட்டலாம் என்பதுதான் இந்த எரிபொருளின் பெரிய வசதி. கழிவும் குறைகிறது, கல்லெண்ணெயும் குறைகிறது. குளிரில் உறைந்து வடிகட்டியை அடைப்பதுதான் தொல்லை.

ஆனால் ஓர் ஊர் எவ்வளவு வடை பொரித்தாலும் அந்த ஊரின் வண்டிகள் ஓட அது போதாது. பிரிட்டனும் ஐரோப்பாவும் எரிக்கும் பழைய எண்ணெயில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. புதுப் பாமாயிலைப் பழைய எண்ணெய் என்று பெயர் மாற்றி அனுப்புகிறார்களோ என்ற சந்தேகம் அதிகாரிகளுக்கே இருக்கிறது. காடழித்த பாமாயில் பச்சை எரிபொருளாகி வந்தால் நன்மை எங்கே?

ஆகவே கிடைக்கிற கொஞ்சத்தை வேறு வழியே இல்லாத இடத்துக்கு வைத்துக்கொள்வதே புத்தி. பஸ்ஸுக்கு பேட்டரி இருக்கிறது. லண்டனில் 2021 முதல் புதிதாகச் சேர்க்கும் பஸ்கள் புகை விடாதவையாக இருக்கவேண்டும். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானத்துக்கு அப்படியொரு பேட்டரி இன்னும் இல்லை. 2023 நவம்பர் 28ஆம் தேதி ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்கு விர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று கல்லெண்ணெய் இல்லாமல், பெரும்பாலும் கழிவுக் கொழுப்பிலிருந்து செய்த எரிபொருளில் பறந்தது. பிரிட்டனில் விற்கும் விமான எரிபொருளில் இவ்வகை 2025 முதல் 2 சதவீதமாவது இருக்கவேண்டும், 2030இல் 10 சதவீதம் ஆகவேண்டும் என்பது சட்டம். கொழுப்பெல்லாம் அங்கே போகட்டும்.

காட்டாமணக்கு வந்த கதை

நிலத்தில் பயிரிட்டு எரிபொருள் எடுப்பது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அதற்குக் காரணம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு விஷயம். 2000களின் நடுவில், லண்டன் பங்குச் சந்தையில் பதிவான டி1 ஆயில்ஸ் என்ற கம்பெனி, சென்னையின் மோகன் புரூவரீஸோடு கூட்டுச் சேர்ந்து தமிழ்நாட்டில் காட்டாமணக்குப் பரப்ப இறங்கியது. மாநில அரசும் ஊக்கம் கொடுத்தது. தண்ணீர் வேண்டாம், தரிசில் வளரும், ஆடுமாடு வாய் வைக்காது, விதையில் எண்ணெய் கொட்டும் என்று சொன்னார்கள். 2007இல் பிபி கம்பெனியும் டி1 ஆயில்ஸோடு கைகோத்தது. 2009இல் கையை விலக்கிக்கொண்டது.

விவசாயிகளுக்கு என்ன மிஞ்சியது என்பதைப் பெரே அரிசா மொண்டோபியோ, ஷரச்சந்திர லேலே இருவரும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு. தண்ணீர் கட்டாமல் நன்றாகக் காய்க்கவுமில்லை. தரிசில் வரும் என்ற பயிர் கடலை போட்ட நிலத்தில் ஏறி, உணவையும் மாட்டுத் தீவனத்தையும் இடம்பெயர்த்தது. பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள். வேலியில் சும்மா நிற்கும்வரை காட்டாமணக்கால் யாருக்கும் தீங்கில்லை. அதைப் பங்குச் சந்தைக் கணக்கில் ஏற்றியதும் புன்செய்க்காரனின் மூன்று ஆண்டு உழைப்பு போனது.

பிரிட்டனின் எத்தனால் கதையும் இனிப்பாக முடியவில்லை. 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரணப் பெற்றோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அதற்காகத் தீவனக் கோதுமையை வாங்கி எத்தனால் வடித்த ஹல் நகரத்து விவர்கோ ஆலை 2025இல் மூடப்பட்டது. அமெரிக்காவோடு செய்த வணிக ஒப்பந்தத்தில் அங்கிருந்து வரும் 140 கோடி லிட்டர் எத்தனாலுக்கு வரி நீக்கப்பட்டதைத் தாங்க முடியவில்லை என்றது நிர்வாகம். விளைநிலத்தை எரிபொருளுக்குக் கொடுத்த பிறகும் பூட்டும் சாவியும் வேறொருவர் கையில்தான் இருந்தது.

ஒரே ஏக்கரில் எரிபொருள் பயிரை வளர்த்து எரிப்பதைவிடப் பல பத்து மடங்கு தூரம், அதே இடத்தில் சோலார் தகடு போட்டால் ஒரு மின்கார் ஓடும். அந்தத் தகட்டுக்கு ஏக்கர்கூடத் தேவையில்லை. கூரை போதும்.

காற்றும் காசும்

லண்டனின் லூயிஷமில் தெற்குச் சுற்றுவீதி அருகே வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசு அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் ஒருவரின் மரணத்துக்கு அப்படியொரு காரணம் எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. அந்தச் சிறுமியின் தாய் நடத்திய விடாப்பிடியான போராட்டம் இல்லாவிட்டால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது.

வால்தம்ஸ்டோவின் வடக்கு எல்லையில், குரூக்கட் பில்லட் சந்திப்பு வழியாக வடக்குச் சுற்றுவீதி போகிறது. 2021 அக்டோபரில் அந்த வீதிவரையும், 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதும், பழைய டீசல் வண்டிகளுக்கு நாள் கட்டணம் வந்தது. அதற்கு முன்பே, 2014இல் கிடைத்த 'மினி ஹாலந்து' நிதியைக் கொண்டு இந்த ஊர் பல தெருக்களைக் குறுக்கு வண்டிகளுக்கு மூடிவிட்டது. அவற்றில் ஒன்றான ஓர்ஃபர்ட் சாலையின் திறப்பின்போது எதிர்ப்பாளர்கள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கடைத்தெரு செத்துவிட்டது என்று சொல்ல. இன்று அந்தச் சாலையில் மாலை நேரம் மேசை பிடிக்க நிற்கவேண்டியிருக்கிறது. மின்காருக்கும் டயர்த் தூசி உண்டு, ஆகவே கார் மாறினால் மட்டும் போதாது, கார் குறையவும் வேண்டும். ஆனாலும் டீசல் புகைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் மின்காரும் பெரிய விடுதலைதான்.

இங்குள்ள நகராட்சி இன்னொரு முன்னோடிக் காரியமும் செய்தது. அதன் வால்தம் ஃபாரஸ்ட் ஓய்வூதிய நிதி 2016இல், எண்ணெய், எரிவாயு, நிலக்கரிக் கம்பெனிகளில் இருக்கும் தன் முதலீட்டை ஐந்து ஆண்டுக்குள் விலக்குவதாக முடிவெடுத்தது. பிரிட்டனின் உள்ளாட்சி ஓய்வூதிய நிதிகளில் அதுவே முதல் அறிவிப்பு. குப்பை அள்ளுபவரும் நூலகரும் சேர்த்த பணம் எண்ணெய்க் கிணற்றில் கிடக்க வேண்டாம் என்ற முடிவு.

இத்தனைக்கும் நடுவில் ஓர் அநீதி இருக்கிறது, அதைப் பேசாமல் விடக்கூடாது. வால்தம்ஸ்டோவின் பெரும்பகுதி விக்டோரியா காலத்து ஒட்டு வீடுகளும், மேலொன்று கீழொன்றாக வார்னர் குடும்பம் கட்டிவிட்ட வீடுகளும்தான். வாசலில் கார் நிறுத்த இடம் கிடையாது. சொந்த முற்றம் உள்ளவர் வீட்டிலேயே காரைச் சார்ஜ் செய்கிறார், இரவு மலிவு விலையில், 5 சதவீத வாட் வரியோடு. முற்றமில்லாதவர் தெருக்கம்பத்திலோ கடைத்தெரு சார்ஜரிலோ போடவேண்டும். அங்கே யூனிட் விலையும் அதிகம், வாட் வரியும் 20 சதவீதம். மினிகேப் ஓட்டும் நம்மவர்களில் பலர் இரண்டாவது வகை. 2023 முதல் லண்டனில் மினிகேப்பாகப் புதிதாகப் பதியும் கார் மின்சாரத்திலும் ஓடக்கூடியதாக இருந்தாகவேண்டும் என்பதால் அவர்களுக்கு வேறு வழியுமில்லை. ஏழையிடம் நான்கு மடங்கு வரி வாங்கும் இந்த விதியை மாற்றும்படி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவது, சுற்றுச்சூழல் நாளுக்கு மரம் நடுவதைவிட அவசரமான வேலை.

பெற்றோல் ஸ்டேஷன் முதலாளிகளின் கவலையும் நியாயமானதே. 1960களில் பிரிட்டனில் 40,000 அளவில் இருந்த ஸ்டேஷன்கள் இன்று 8,000 சொச்சமாகச் சுருங்கிவிட்டன. அதற்குக் காரணம் மின்கார் இல்லை. பேரங்காடிகள் பெற்றோல் விற்க வந்ததும் லாபம் மெலிந்ததும்தான் காரணம். ஏற்கனவே பலருக்குக் காசு தருவது பம்பு இல்லை, கடைதான். காரைச் சார்ஜில் போட்டுவிட்டு இருபது நிமிடம் நிற்கும் வாடிக்கையாளர், மூன்று நிமிடத்தில் ஓடிவிடும் பெற்றோல் வாடிக்கையாளரைவிடத் தேநீரும் ரோல்ஸும் அதிகம் வாங்குவார். ஆனால் அதிவேக சார்ஜருக்கு வேண்டிய மின்இணைப்பு எடுக்கக் காத்திருக்கும் காலமும் செலவும் சிறு முதலாளிக்குத் தாங்காது. பெரிய சங்கிலி நிறுவனங்கள் முந்திக்கொண்டு நல்ல இடங்களைப் பிடித்துவிடுமுன் இவர்கள் கூட்டாகச் சேர்ந்து கேட்கவேண்டும். சீட்டுக் கட்டி ஸ்டேஷன் வாங்கிய சமூகத்துக்குக் கூட்டுச் சேர்வது புதிதில்லை.

தீவுகளின் மின்சாரம்

ஈழத்தில் என்ன நடக்கிறது? மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபை திறந்த 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். இன்னும் வரப்போகின்றன என்றதும் 2025இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மழைநீர் வடியும் வழி அடைபடுகிறது, கரைவலைக்கு மீன் வருவதில்லை, வலசைப் பறவைகள் பாதிக்கப்படுகின்றன என்பவை அவர்களின் குறைகள். மின்சாரம் கொழும்புக்கு, தொல்லை எங்களுக்கா என்று அவர்கள் கேட்பதை வளர்ச்சிக்கு எதிரான கூச்சலாகத் தள்ளுவோர் லின்மத் சாலையைப் பார்க்கவேண்டும். ஒன்று அயலவர்களைக் கேட்டு, அயலவர்களின் பணத்தில், அயலவர்களின் கூரையில் ஏறியது. மற்றது கேட்காமல் வந்தது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு சேராதவை. அங்கே விளக்கெரிய டீசல் ஜெனரேட்டர் ஓடவேண்டும். அந்த டீசல் கடல் கடந்து வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகில்லை. படகில்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. 2024 மார்ச்சில், இந்தியா தரும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டொலர் நன்கொடையில் மூன்று தீவுகளுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், இரவுக்கு 2,400 யூனிட் தேக்கிவைக்கும் பேட்டரி. டீசல் ஜெனரேட்டர் மாற்று ஏற்பாடாக மட்டும் நிற்கும். நெடுந்தீவிலிருந்து வந்து லண்டனில் வாழும் குடும்பங்கள் ஊர்ச் சங்கம் வைத்திருக்கிறார்கள், ஆண்டுதோறும் ஒன்றுகூடுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் பராமரிக்கத் தெரிந்த நான்கு இளைஞர்களைத் தீவிலேயே பயிற்றுவிக்க எவ்வளவு ஆகும் என்று அடுத்த ஒன்றுகூடலில் ஒருவர் கணக்கு வைக்கவேண்டும். இயந்திரம் வெளியூர் நன்கொடையாக வரலாம். அதைப் பழுதுபார்க்க ஒவ்வொரு முறையும் குறிகாட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருக்கக்கூடாது.